ரேடியோ லைனில் சாம்பல் நிற ஃப்யூஸ்

மார்ச் 4, செவ்வாய்

ஓடுபாதை ஓரத்து ஷெட்டுக்குப் போனால் என் ஸ்டூலில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். தம்பி பொண்டாட்டி. கல்யாணமாகி முழுசாக ஐந்து மாதம் ஆகவில்லை. நானும் தம்பியும் இந்த விமானத்தை ஐந்து வருஷமாகக் கட்டுகிறோம். இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம். இறக்கையில் அவன் அடித்த ஒவ்வொரு ரிவெட்டுக்கும் உள்பக்கம் இரும்புக் கட்டையைப் பிடித்தவள் நான். இன்று அவளைக் காட்டி, "அக்கா, வயரிங்ல இவளையும் ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே" என்கிறான். கேட்டுக்கலாமாம்! இருபத்திரண்டு வருஷமாக லிஃப்ட் பேனல்களுக்கு வயரிங் செய்கிறவள் நான். அவள் பஸ் டிப்போவில் எலக்ட்ரீஷியன். இது என்ன பஸ்ஸா?

மார்ச் 9, ஞாயிறு

சண்டை. நான் பிரேக்கர் என்றேன். லைனில் அளவுக்கு மீறிக் கரண்ட் பாய்ந்தால் பொத்தான் வெளியே துள்ளும். பைலட் அமுக்கினால் லைன் திரும்பக் கிடைக்கும். பன்னிரண்டு பொத்தான்கள், அவன் கண்ணெதிரே ஒரே வரிசையில். துளைகூடக் குறித்து வைத்திருந்தேன். அவள் மெதுவாக ஆரம்பித்தாள்.

"வேண்டாம் அண்ணி. ஃப்யூஸே போதும், அதுவும் கைக்கு எட்டாத இடத்துல. எங்கயோ வயர் உரசித்தானே லைன் போகுது? மேல பறக்கும்போது இவர் பொத்தானைத் திரும்பத் திரும்ப அமுக்கினா வயரே பத்திக்கும். போனது போகட்டும்னு இறங்கிடணும்."

தம்பி தலையாட்டினான். "இவ சொல்றதும் சரிதானேக்கா?"

சரிதான். அதுதான் வயிற்றெரிச்சல். தப்பாகச் சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன்.

மார்ச் 12, புதன்

ஃப்யூஸ் என்று முடிவாகிவிட்டது. எந்த வயருக்கு எத்தனை ஆம்பியர் என்ற பட்டியல் சுவரில், அவள் கையெழுத்தில். அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

மார்ச் 21, வெள்ளி

எழுதக் கூடாது. எழுதுகிறேன்.

சாயங்காலம் ஷெட்டில் யாரும் இல்லை. ரேடியோ லைனில் அவள் போட்டிருந்த ஐந்து ஆம்பியர் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு இரண்டு ஆம்பியர் போட்டேன். சும்மா கேட்டுக்கொண்டிருக்கும்போது ரேடியோ கொஞ்சம்தான் இழுக்கும். நாம் பேசினால்தான் நிறைய இழுக்கும். நாளைக்குத் தம்பி ஷெட்டுக்குள் பேசிப் பார்ப்பான், ஃப்யூஸ் போகும். "ஆகாயத்துல போயிருந்தா என்னம்மா பண்றது?" என்று நான் கேட்பேன். அவ்வளவுதான். யாருக்கும் ஒரு கீறல் விழாது. அவள் முகம் மட்டும் கொஞ்சம் தொங்கட்டும்.

மார்ச் 22, சனி

நினைத்தபடி நடக்கவில்லை.

நான் போய்ச் சேர்வதற்குள் — பத்து நிமிஷம், பத்தே நிமிஷம் தாமதம் — தம்பி விமானத்தை வெளியே எடுத்துவிட்டான். தரையில் ஓட்டிப் பார்க்கவாம். ஓடுபாதைக்கு வருகிறேன் என்று ரேடியோவில் பாதி சொன்னபோதே அது செத்துவிட்டது. அவனுக்குத் தெரியவில்லை. பின்னால் வேறொரு விமானம் இறங்க வந்துகொண்டிருந்தது. விலகு, விலகு என்று அதிலிருந்தவர் கத்தியது, ஓரத்தில் நின்ற அவள் கையிலிருந்த சின்ன ரேடியோவில் கேட்டது. அவனுக்குக் கேட்கவில்லை. ஓடினேன். செருப்பு எங்கே போயிற்றோ. அந்த விமானம் கடைசி நொடியில் மூக்கைத் தூக்கி அவன் தலைக்கு மேலே போயிற்று.

ஐயோ, என் தம்பி.

ஃப்யூஸ் பெட்டியைத் திறந்தவள் அவள்தான். ஐந்து ஆம்பியர் என்றால் வெளிர் பழுப்பு. இரண்டு என்றால் சாம்பல். கருகிய சாம்பல் நிற ஃப்யூஸை விரலில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். ஒரு நொடிதான். அப்புறம் அவனிடம், "நான்தாங்க. கலர் பார்க்காம மாத்திப் போட்டுட்டேன்" என்றாள்.

மார்ச் 23, ஞாயிறு

வயரிங் பக்கமே வராதே என்று அவளிடம் சொல்லிவிட்டானாம். என்னிடம், "பிரேக்கரே போட்டுடலாம்க்கா. எல்லாத்தையும் நீயே பாத்துக்கோ" என்கிறான்.

இதற்குத்தானே தவம் கிடந்தேன்? சோறு இறங்கவில்லை. எதற்கு அவள் பழியை ஏற்றுக்கொண்டாள்? நல்லவள் என்ற பெயரையும் அவளேதான் வாங்கிக்கொள்ள வேண்டுமா?

மார்ச் 25, செவ்வாய்

சொல்லிவிட்டேன். இரண்டு பேர் முன்னாலும். அவன் திட்டவில்லை. ஷெட் சாவியைக் கேட்டான். கொடுத்தேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

இன்று முதல் தடவையாகப் பறக்கிறான் என்று அவள்தான் போன் செய்தாள். "அவர் கூப்பிட மாட்டார் அண்ணி. நீங்க வந்துடுங்க."

வேலிக்கு வெளியே நின்றேன். சின்ன ரேடியோவை எடுத்துக்கொண்டு அவளும் வந்து பக்கத்தில் நின்றாள். நான் கூப்பிடவில்லை.

"ஃப்யூஸ் எல்லாத்தையும் ரெண்டு தடவை பாத்தியா?"

"மூணு தடவை பாத்தேன் அண்ணி."

விமானம் எழும்பியது. நானும்தான் கட்டினேன் என்று வேலியிடமா சொல்ல முடியும்? கொஞ்ச நேரத்தில் அவன் குரல் வந்தது. "மேல வந்துட்டேன். எல்லாம் நல்லா இருக்கு. கேக்குதா உனக்கு?"

உனக்கு என்றால் அவளுக்கு. அவள் ரேடியோவை என்னிடம் நீட்டினாள். "நீங்க பேசுங்க." மாட்டேன் என்று தலையாட்டினேன். அவளே பேசினாள். அவன் சிரித்தான், இறங்கும்வரை என்னென்னவோ சொல்லிக்கொண்டே இருந்தான். அக்கா வந்திருக்காளா என்று ஒரு தடவைகூட விசாரிக்கவில்லை.

பொறாமையாகத்தான் இருந்தது. ஆனால் அவன் குரல் ஒரு நொடிகூட அறுந்துபோகவில்லை.