ஐயனாருக்குப் போன சீம்பால்

என் சேதுவுக்கு,

ஊர் முன்னால் "டாக்டர்" என்றும் வீட்டுக்குள் "டேய்" என்றும் உன்னைக் கூப்பிட்டவள் எழுதுகிறேன். நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. காரைக்குடியில் நம் கிளினிக் ஓடுகிறது. எனக்கு மூட்டுவலி வந்திருக்கிறது. இதெல்லாம் சும்மா நலம் சொல்வது, விஷயம் வேறே. எனக்கு உன்மேல் இன்னும் பொறாமையாக இருக்கிறது.

போய்ச் சேர்ந்தவன்மேல் என்னடி பொறாமை என்பாய். இரண்டு பேரும் ஒரே வகுப்பில் மாட்டு வைத்தியம் படித்தோம். இருபது வருஷம் சேர்ந்து வேலை பார்த்தோம். ஆனாலும் ஊருக்கு நீ டாக்டர், நான் டாக்டர் வீட்டம்மா. நான் ஊசி போட்டுப் பிழைத்த மாட்டுக்கும் உன் கைராசி என்றுதான் பேர். உன் போனை நான் அணைக்காமல் வைத்திருக்கிறேன். அதில் கூப்பிடுகிறார்கள், தெரியுமா? நீ இல்லை என்று தெரிந்தே கூப்பிடுகிறார்கள்.

போன மாசம் சிங்கம்புணரிப் பக்கத்திலிருந்து கருப்பையா அப்படித்தான் கூப்பிட்டார். வண்டிப் பந்தயத்துக்குக் குதிரை வளர்ப்பாரே, அவர்தான். அவருடைய பெட்டைக் குதிரை முந்தின நாள் காலையில் குட்டி போட்டிருந்தது. வயதான குதிரை, இனி ஈனாது. குட்டி எழுந்திருக்கவில்லை, மடியைத் தேடவில்லை என்றார். என் நம்பரும் உங்களிடம் இருக்கிறதே என்று கேட்டேன்.

"இருக்கும்மா. டாக்டரு நம்பருல கூப்பிட்டா ஒரு ராசி" என்று இழுத்தார். வண்டியை எடுக்கும்போதே எனக்கு வயிறு எரிந்தது.

கொட்டிலில் சாக்கின்மேல் குட்டி கால் நீட்டிக் கிடந்தது. காது சில்லிட்டிருந்தது, ஈறு செங்கல் நிறத்தில் சிவந்திருந்தது. வாயில் விரலை வைத்தேன், சப்பவில்லை. சீம்பால் குடித்ததா என்று கேட்டதும் கருப்பையாவும் அவர் மனைவி பஞ்சவர்ணமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

அந்த வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். குதிரை ஈன்றால் முதல் பால் ஐயனார் கோயில் மண்குதிரைக்கு, அதற்கப்புறம்தான் குட்டிக்கு. இந்தத் தடவை சொம்பு நிறையவில்லை என்று மூன்று தரம் கறந்திருக்கிறார்கள். அத்தனையும் மண்குதிரையின் வாயில் ஊற்றியாகிவிட்டது. தாய் வயிற்றில் இருக்கும்போது குதிரைக்குட்டிக்கு நோயை எதிர்க்கிற சக்தி எதுவும் வருவதில்லை, எல்லாம் சீம்பாலில்தான் வரவேண்டும். ஒரு நாள் தாண்டினால் குடலும் அதை ஏற்காது. உனக்குச் சொல்லவில்லை, இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்.

"போன ஈத்துக்கு டாக்டருதான் ஊத்தலாம்னு சொன்னாக" என்றார் கருப்பையா.

சேது, அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. குட்டி உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கிறது, எனக்கு உள்ளே சந்தோஷம். வசமாக மாட்டினாயா என்று நினைத்தேன். வெட்கக்கேடுதான், இருந்தாலும் உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? நீ என்ன செய்திருப்பாய் என்பதும் தெரியும். ஒரு கை அளவு ஊற்றச் சொல்லிவிட்டு மீதியை நீயே குட்டிக்குப் புகட்டியிருப்பாய். அவர்கள் மனசில் ஊற்றச் சொன்னது மட்டும் தங்கிவிட்டது. யாரிடமும் முகத்துக்கு நேரே கூடாது என்று சொல்ல உனக்கு வராது. சொல்லிச் சொல்லியே நான் கெட்ட பேர் வாங்கினேன்.

அப்புறம் பேச நேரமில்லை. குட்டியைக் கம்பளியில் சுற்றி, நரம்பில் குளுக்கோஸும் மருந்தும் ஏற்றினேன். அந்த வீட்டு ஆண் குதிரையிடமிருந்து ரத்தம் எடுத்துப் பைகளை உத்திரத்தில் தொங்கவிட்டேன். குதிரை ரத்தம் ஆடாமல் இருந்தால் சிவப்பெல்லாம் சீக்கிரம் அடியில் இறங்கிவிடும். மேலே மஞ்சளாகத் தெளிந்து நின்றதைப் பிரித்துச் சொட்டுச் சொட்டாகக் குட்டிக்கு ஏற்றினேன். சீம்பாலில் வராததை இப்படித்தான் கொடுக்க முடியும். மூக்கு வழியாகக் குழாய் விட்டு மணிக்கொரு தரம் தாய்ப்பால் இறக்கினோம். ஒரே பக்கம் கிடந்தால் நுரையீரல் கெட்டுவிடும் என்று பஞ்சவர்ணமும் நானும் மாறி மாறிப் புரட்டிப் போட்டோம்.

மூன்றாம் நாள் மத்தியானம் குட்டி முன்னங்காலை ஊன்றியது. விழுந்தது. மறுபடி ஊன்றி எழுந்து, தாயின் முழங்காலை முட்டிவிட்டு மடியைக் கண்டுபிடித்தது. சப்புகிற சத்தம் கேட்டதும் நான் அப்படியே வைக்கோலில் உட்கார்ந்துவிட்டேன்.

கருப்பையா வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார். "டாக்டரு கைராசிம்மா. மேல இருந்து பாத்துக்கிட்டாக."

மூன்று நாள் அடக்கியது வெடித்துவிட்டது. "கைராசியும் இல்ல, ஒண்ணும் இல்ல. உங்க டாக்டர் பேச்சக் கேட்டுத்தான் இந்தக் குட்டி சாகக் கிடந்துச்சு" என்றேன். கருப்பையா கும்பிட்ட கையை இறக்கினார். பஞ்சவர்ணம் மட்டும் நிதானமாகப் பேசினாள்.

"கோவிச்சுக்காதீக டாக்டரம்மா. அன்னைக்கே டாக்டரு சொன்னாக. 'நான் எளகுன மனுசன், சரின்னுட்டேன். அடுத்த ஈத்துக்கு மீனாளக் கூப்பிடுங்க. ஒரு சொட்டு ஊத்த விடமாட்டா. அவளுக்குத் தெரிஞ்சதுல பாதி எனக்குத் தெரியாது'ன்னாக. நீங்க ஊத்த விடமாட்டீகன்னு பயந்துதான் முன்னாடியே கூப்பிடல."

திரும்பி வரும் வழியில் கோவிலூர் தாண்டி வண்டியை ஓரம் கட்டி அழுதேன். என்னைப் பற்றி நீ சொன்ன ஆக நல்ல வார்த்தையை ஒரு குதிரைக் கொட்டிலில் போய்ச் சொல்லியிருக்கிறாய். இருபது வருஷம் கூட இருந்தவளிடம் ஒரு தரம் சொன்னாயாடா? மூன்று வருஷமாக அதைப் பஞ்சவர்ணம் வைத்திருந்திருக்கிறாள். உன்மேல் பட்ட பொறாமையெல்லாம் ஒன்றுமில்லை, அவள்மேல் அப்போது பட்டேனே, அதுதான் பொறாமை.

ஒரு வாக்குத் தருகிறேன். இனி யார் வீட்டில் உன்னைப் புகழ்ந்தாலும் குறுக்கே பேசமாட்டேன். என்னைப் பற்றி இன்னும் எந்தெந்தக் கொட்டிலில் என்னென்ன சொல்லி வைத்திருக்கிறாயோ, உட்கார்ந்து முழுசும் கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

உன் பொண்டாட்டி,
மீனாள்