நாற்பது என்று அர்த்தமாம்

சேசு மரி சூசை துணை

தூத்துக்குடி
18.6.1974

கொழும்புத் துறைக்கு வெளியே தோணியில் ராசா மாதிரி உட்கார்ந்திருக்கும் என் வீட்டுக்காரருக்கு, விக்டோரியா தோத்திரம் சொல்லி எழுதுவது.

முதலில் ஒரு வெட்கக்கேடு. உங்கள் தோணியைக் குவாரண்டைனில் வைத்திருக்கிறார்கள் என்று ஏஜெண்டு ஆபீஸ் தேவமணி வந்து சொன்னதும், அது ஏதோ ஜெயில் என்று நினைத்து நடுத்தெருவில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்துவிட்டேன். "ஏளா, ஒங்க வீட்டுக்காரரு யாரக் குத்திப்போட்டாரு?" என்று பக்கத்து வீட்டு அல்போன்சா ஆசை ஆசையாகக் கேட்டாள்.

பிறகுதான் விவரம் தெரிந்தது. தோணியில் ஒருவருக்கு அம்மைக் காய்ச்சல், அதனால் யாரையும் கரை இறக்கவில்லையாம். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டேன். முன்னொரு காலத்தில் இத்தாலி தேசத்துத் துறையில் கொள்ளைநோய்க்குப் பயந்து, வரும் கப்பலை நாற்பது நாள் வெளியே நிறுத்திவைப்பார்களாம். அந்த ஊர்ப் பாஷையில் நாற்பதுக்கு உள்ள பேர்தான் இங்கிலீஷ் டாக்டர்கள் வாயில் இப்படி ஆகிவிட்டதாம்.

நாற்பது என்றால் நமக்கு வேறென்ன? நாற்பது நாள் நோன்பிருக்கும் தபசுகாலம்தான். அன்றே வீட்டில் மீனையும் கறியையும் நிறுத்தினேன். தபசில் கலியாணம் கூடாதே என்று, நம் மகள் பிளாரன்சின் கலியாண அறிவிப்பான இரண்டாம் ஓலையைக் கோயிலில் வாசிக்க வேண்டாம் என்று உபதேசியாரிடம் சொல்லிவிட்டேன். தருவைகுளத்துச் சம்பந்தி இஞ்ஞாசி அண்ணன் அடுத்த பஸ்ஸிலேயே வந்து நின்றார். "மாப்பிள்ளையப் பிடிக்கலேன்னா மொகத்துக்கு நேரா சொல்லுங்க மைனி" என்றார். அவர் கோபத்தை ஆற்ற ஒரு கோழி போயிற்று. நான் தொடவில்லை, ரசம்தான் குடித்தேன்.

தேவமணி கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். பேர்தான் நாற்பதாம், அம்மைக்கு இப்போது இரண்டு வாரம் வைத்தால் போதுமாம். சரி, ஓலையை மறுபடி வாசிக்கச் சொல்லிவிட்டேன். ஆனால் காய்ச்சல் யாருக்கு என்று கேட்டால் மட்டும் அவன் கூரையைப் பார்க்கிறான்.

அது நீங்கள் இல்லை. உங்களைத் தொட அம்மைக்கும் கொஞ்சம் துணிச்சல் வேண்டுமே. ஆனாலும் உட்கார்ந்தால் எழும்பத் தோன்றுகிறது, எழும்பினால் கடற்கரைக்குப் போகத் தோன்றுகிறது. ஒரு வரி எழுதுங்கள். வேறு யாரையும் எழுதச் சொல்லாமல் உங்கள் கையாலேயே எழுதுங்கள். திட்டி எழுதினாலும் சரி. பனிமய மாதா உங்களை நோவில்லாமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
விக்டோரியா

மறந்துபோனேன். நேற்று தூரத்தில் ஒரு தோணி தெரிந்தது. உங்களுடையது என்று நினைத்து, வெள்ளைத் துணியை வீசி வீசிக் காட்டினேன். கடத்தல்காரருக்குச் சைகை காட்டினேன் என்று சுங்கக்காரர்கள் வந்து வீட்டைச் சோதித்தார்கள். அரிசிப் பானையில் அரிசி இருந்தது. காப்பி குடித்துவிட்டு, துணியை மட்டும் சாட்சிக்கு எடுத்துப் போனார்கள். அது பிளாரன்ஸ் கலியாணத்துக்கு நீங்கள் உடுத்த எடுத்து வைத்திருந்த வேட்டி.