நைல் நதித் தகராறு சாப்பாட்டு வேளையில் தீர்ந்ததற்கு மார்க் மறுக்கப்பட்டது குறித்து

ஸ்ரீரங்கநாதன் துணை

அனுப்புநர்:
அமிர்தம், க/பெ. பெரியண்ணன்,
கீழ அடையவளஞ்சான் தெரு, ஸ்ரீரங்கம்.

பெறுநர்:
மாவட்டக் கல்வி அதிகாரி அவர்கள்,
திருச்சிராப்பள்ளி.

பொருள்: மாதிரி ஐக்கிய நாடுகள் சபைப் போட்டியில் என் மகள் பெற்ற சைபரை மறுபரிசீலனை செய்யக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற 24-8-1957 சனிக்கிழமை போட்டி மண்டபத்தில் இருந்தவர்கள்: சபைத் தலைவரும் நடுவருமான ஆசிரியர் திரு. கிளமென்ட், எகிப்தாக என் மகள் வள்ளிக்கண்ணு, சூடானாக வேறு பள்ளியைச் சேர்ந்த பாலக்கரை லூர்துராணி, மற்ற நாடுகளாகப் பதினான்கு மாணவ மாணவியர், மணியடிக்க ஒரு பியூன், பின்பெஞ்சில் தாய்மார் மூவர், அதில் நான் ஒருத்தி.

2. நான் பள்ளிக்கூடம் போனவள் அல்ல. பத்திரிகை பார்த்தே எழுத்துக் கற்றவள். ஆயினும் மகளுக்குப் பதினொரு நாள் பயிற்சி கொடுத்தேன். நானே சபைத் தலைவர். சுத்தியலுக்கு மோர் கடையும் மத்து. தாவணி முனையைத் திருகாமல் நின்று பேசவே நாலு நாள் ஆயிற்று. நைல் தண்ணீரை இரு நாடும் பங்கிடுவதே தலைப்பு என்றதால், எங்கள் ஸ்டோர் வீட்டின் ஐந்து குடித்தனமும் ஒரே கிணற்றில் இறைக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தேன். யாருக்கு முறை கடைசியோ, அவர் வீட்டில்தான் கயிறும் வாளியும் இருக்கும். முதலில் இறைப்பவர் அவரிடம் கேட்டு வாங்க வேண்டும். ஒன்பது வருஷமாகச் சண்டை இல்லை.

3. காலையில் காரசாரமாகப் பேசிய எகிப்தும் சூடானும் சாப்பாட்டு வேளையில் வேப்பமரத்தடியில் சேர்ந்து உட்கார்ந்தன. எகிப்தின் புளியோதரையில் பாதி சூடானுக்குப் போயிற்று. "முதல் தண்ணி நீ எடுத்துக்க, மதகுச் சாவி எங்கிட்ட இருக்கட்டும்" என்றாள் என் மகள். "சரி, ஆனா ஞாயித்துக்கிழமை காலையில என் முறை வேணாம், பூசைக்குப் போகணும்" என்றாள் லூர்துராணி. "அப்ப ஏகாதசியன்னிக்கு எனக்கும் வேணாம், அன்னிக்குச் சமையலே கிடையாது" என்றாள் இவள். இருவரும் நோட்டுத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டார்கள். நான் வாய் திறக்கவில்லை. மற்ற இரு தாய்மாரும் சாட்சி.

4. மணியடித்ததும் தகராறு தீர்ந்தது என்று தாளை நீட்டினார்கள். தலைவர் திகைத்து, "தீர்ந்துபோச்சுன்னா சாயங்காலம் வரைக்கும் சபையில என்னம்மா பண்றது?" என்று கேட்டார். பிற்பகல் விவாதத்தில் பேசவில்லை என்று இருவருக்கும் சைபர். நைல் கரையில் ஒரு வரப்புகூட இல்லாத பிரிட்டனும் பிரான்சும் ஐந்து மணிவரை மேஜையைத் தட்டிச் சென்னைப் போட்டிக்குத் தேர்வாயின.

5. எகிப்துக்கு ஏது ஏகாதசி என்று நடுவர் கேட்டது நியாயமே. அதற்கு இரண்டு மார்க் குறைத்திருந்தால் இம்மனுவே எழுந்திராது. அவர் நல்ல மனிதர். ஆனால் அவர் கையிலிருந்த மார்க் தாளில் பேச்சு, எதிர்ப்பேச்சு, குறுக்குக் கேள்வி என மூன்று கட்டங்களே இருந்தன; சமாதானத்துக்குக் கட்டமே இல்லை. சபை கூடுவது சச்சரவைத் தீர்க்கவே என்று போட்டி நோட்டீஸின் முதல் வரியில் அச்சாகியுள்ளது.

6. என் மகளுக்கு இது எஸ்.எஸ்.எல்.சி. வருஷம், மறு வாய்ப்பு இல்லை. சென்னைப் போட்டி 14-9-1957 அன்று. இதற்கிடையில், "சண்டை போட்டாத்தாம்மா மார்க்கு" என்று சொல்லி, நாலு நாளாக அவள் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு கிணற்றடியில் எதிர்ப்பேச்சுப் பழகுகிறாள். நேற்று ஐந்து குடித்தனத்துக்கும் தண்ணீர் இறைக்க மணி பத்தாயிற்று.

ஆகவே, மார்க் தாளில் நாலாவது கட்டம் ஒன்று போட்டு, இரு பெண்களையும் சென்னைக்கு அனுப்ப ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். ஐந்து குடித்தனத்தாரும் கிணற்றடியில் காத்திருக்கிறார்கள். தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதவும்.

ஸ்ரீரங்கம்,
28-8-1957

இப்படிக்கு,
பெ. அமிர்தம்