துரைக்குத் துணை

2024 செப்டம்பர் 14, சனி

காலையில் ஐந்து தங்கமீன் விட்டேன். பின்னேரம் பார்த்தால் தொட்டியில் துரை மட்டும். கல்லுக்குப் பின்னால், குழாய்க்கு அடியில், எங்கும் தேடினேன். ஐந்தும் எங்கே? துரையின் வாயோரம் ஒரு செதில் ஒட்டியிருந்தது. 

துரை தம்பி நிருஷனின் ஒஸ்கார் மீன். ஒரு அடி நீளம். ருமேனியாவுக்கு வேலைக்குப் போகும்போது ஆறடித் தொட்டியோடு என் தலையில் கட்டிவிட்டுப் போனான். தேயிலைத் தோட்டத்தில் எங்கள் தாத்தா யாரைக் கண்டால் கும்பிட்டாரோ, அந்தப் பெயரையே மீனுக்கு வைத்தான். இப்போது நான் துரைக்கு எடுபிடி.

கணவர் ஜெயந்தன் விடியக் குளத்துக்கு வலை இழுக்கப் போனால் வெயில் ஏறித்தான் வருவார். அதுவரை வீட்டில் நானும் துரையும். பாவம், தனியாகக் கிடக்கிறாரே என்று நினைத்தேன். பாவமாம்!

செப்டம்பர் 15

நிருஷன் போனில் விழுந்து விழுந்து சிரிக்கிறான். "அக்கா, அவர் அதைச் சாப்பாடு எண்டு நினைச்சிருப்பார். அவற்ற வாய்க்குள்ள அடங்கிற ஒண்டையும் விடாதேங்கோ." இதை முதலே சொன்னால் என்ன?

செப்டம்பர் 22, ஞாயிறு

இவர் குளத்திலிருந்து ஒரு திலாப்பியாவை வாளியில் உயிரோடு கொண்டுவந்தார். இரண்டு கை அகலம். "உன்ர துரைக்கு எங்கட ஊர்ச் சண்டியன்" என்றார்.

அரை மணித்தியாலம் போகவில்லை. துரை மூலையில் ஒடுங்கிக் கிடக்கிறார், வால் கிழிந்து! ஐந்து உயிரை விழுங்கியவருக்கு இந்த நிலையா? என்னால் நம்ப முடியவில்லை. சண்டியன் மத்தியானம் குழம்பானார். இவர் ரசித்துச் சாப்பிட்டார், எனக்கு இறங்கவில்லை.

அக்டோபர் 5, சனி

வவுனியாவுக்கு பஸ்ஸில் போய் ஒரு மீன் கடையில் துரையின் கதையைச் சொல்லிக் கேட்டேன். கடைக்காரர் கறுத்த மீன் இரண்டைக் காட்டினார். துரையளவு நீளம், அடியில் வட்ட வாய். "இது ராங்க் கிளீனர், தொட்டி துடைக்கிற மீன். உடம்பெல்லாம் ஓடு, செட்டையில முள்ளு. துரையால விழுங்க ஏலாது, இதுவும் துரையோட கொழுவாது. பாசியைத் திண்டுகொண்டு பேசாமல் கிடக்கும்."

நாலு விதமாகக் கேட்டுத்தான் வாங்கினேன். இந்த முறை பிழைக்காது.

அக்டோபர் 20

மூவரும் சுகம். கண்ணாடியில் பாசி இல்லை. எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

நவம்பர் 4, திங்கள்

ஐயோ. விடிய லைற் போட்டால் துரையின் வயிற்றில் அந்தக் கறுத்த மீன் ஒன்று ஒட்டிக்கிடக்கு. உறிஞ்சுது! துரை உதறுறார், அது விடுதில்லை. பக்கமெல்லாம் தோல் உரிஞ்சு வெள்ளை வெள்ளையாய்… எத்தனை நாளாய் இப்படி? நான் என்னத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தனான்?

இரண்டையும் வாளியில் பிடித்துப் போட்டேன். இவர் வலையோடு வெளிக்கிட்டுக்கொண்டே, "வெயில்ல போடு, செத்திடும்" என்றார். கந்தசஷ்டி மூன்றாம் நாள். விரதக்காரி வீட்டில் உயிர்க்கொலையா? வெயில் ஏறி இவர் வந்து படுத்த பிறகு வாளியைச் சைக்கிளில் கொழுவிக்கொண்டு போய்க் குளத்தில் விட்டேன். "போங்கோ, பிழைச்சுக்கொள்ளுங்கோ." மனம் குளிர்ந்துபோய்த் திரும்பினேன்.

பின்னேரம் அந்த மீன் எங்கே என்று கேட்டார். வவுனியா போன பக்கத்து வீட்டு ரஜிதாவிடம் கடைக்குக் கொடுத்தனுப்பியதாகச் சொன்னேன். மீனவர் சங்கத்துக்குத் தெரியாமல் குளத்தில் எதையும் விடக்கூடாது என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறார். இரண்டே இரண்டு மீன், அவ்வளவு பெரிய குளம். ஆனால் விரதத்தில் பொய் சொன்னேனே.

டிசம்பர் 18

சங்கம் குளத்தில் மீன்குஞ்சு விட்டது. இவருக்குச் சந்தோசம் தாங்கவில்லை, வருகிற வருசம் பார் என்கிறார். துரையின் புண்ணும் ஆறிவிட்டது.

2025 ஆகஸ்ட் 9, சனி

குளம் வற்றிவிட்டது. இவர் கிழிந்த வலையோடு வந்து உரப்பையை முற்றத்தில் கொட்டினார். கறுப்பாய், முள்ளாய், கையளவு நீளத்தில், ஒன்றன்மேல் ஒன்று. விடியப் பிடித்தவையாம், இன்னும் அசைகின்றன. வட்ட வாய்.



"வலை முழுக்க இதுதான் நிசா. நாங்கள் விட்ட குஞ்சு ஒண்டையும் காணேல்ல. எங்கட தொட்டியில கிடந்த சாமான்தானே இது? நல்ல காலம், நீ கடையில குடுத்திட்டாய். எந்த மனச்சாட்சி இல்லாதவன் குளத்தில விட்டானோ."

நான் சோறு போட உள்ளே போய்விட்டேன்.

ஆகஸ்ட் 13, புதன்

குளக்கட்டின் உள்பக்கம் முழுக்கப் பொந்தாம். அந்த மீன்கள் குடைந்து முட்டையிடுகிற பொந்து. மழை வந்தால் கட்டு தாங்குமா என்று சங்கத் தலைவர் ராஜரத்தினம் அண்ணன் பயப்படுகிறாராம். ஜெயந்தன் வீட்டில்தானே மீன் தொட்டி இருக்கிறது என்று யாரோ கதைத்திருக்கிறார்கள்.

இவர் கோபத்தில் கொதித்துப்போய் வந்தார். "ஞாயிற்றுக்கிழமை கட்டடிப் பிள்ளையாரில கற்பூரம் ஏத்திச் சத்தியம் பண்ணுறன் எண்டு சொல்லிப்போட்டன். என்ர மனுசியை எனக்குத் தெரியாதே?"

தெரியாது. உங்களுக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 16

மூன்று தரம் அடுப்பை விட்டுக் குசினி வாசல் வரை போனேன். சொல்ல வரவில்லை. என்ன மனுசி நான்?

ஆகஸ்ட் 17, ஞாயிறு

சங்கத்து ஆட்கள் எல்லாரும் பிள்ளையாருக்கு முன்னால் நின்றார்கள். இவர் உள்ளங்கையில் கற்பூரம் வைத்தார். ராஜரத்தினம் அண்ணன் நெருப்புக்குச்சியைத் தட்டினார்.

"கொழுத்தாதேங்கோ!" என் குரல்தானா அது?

"நான்தான் விட்டனான். இவருக்குத் தெரியாது. இவருக்கு நான் பொய் சொன்னனான்."

ராஜரத்தினம் அண்ணன் குச்சியை ஊதி அணைத்தார். இவர் என்னைப் பார்த்த பார்வை… அடித்திருக்கலாம். கற்பூரத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தலையைக் குனிந்தபடி கட்டு வழியே தனியாக நடந்து போய்விட்டார்.

ஆகஸ்ட் 24

மாரி மழைக்கு முன்னம் ஒவ்வொரு பொந்தாக மீனை எடுத்து மண் அடைக்க வேண்டும், இரண்டு பேரும். சங்கத்தின் முடிவு. இவர் ஒரு சொல் மறுக்கவில்லை, என்னோடும் ஒரு சொல் இல்லை. சோறு போட்டால் சாப்பிடுகிறார். கை முழுக்க முள்ளுக் குத்தி வீங்கியிருக்கிறது.

செப்டம்பர் 5, வெள்ளி

நிருஷன் எழுதியிருக்கிறான்: துரைக்கு வேறு துணை பார்த்தீங்களா அக்கா? இல்லை என்று அனுப்பினேன். துரை தனியாகத்தான் இருக்கிறார், கொழுத்துப்போய், ஒரு குறையும் இல்லாமல். துணை கேட்டது அவரா?

அன்று கோயிலுக்குப் போட்டுவிட்டு ஆணியில் கொழுவின இவருடைய சட்டையைத் தோய்க்க எடுத்தேன். பையில் அந்தக் கற்பூரம், காற்றில் கரைந்து மிளகளவாக. எறிய மனம் வரவில்லை. சாமித் தட்டில் வைத்தேன்.

பின்னேரம் குளக்கட்டில் பொந்துக்குள் கையை விடப் போனேன். பின்னாலிருந்து ஒரு சோடிக் கையுறை வந்து என் மடியில் விழுந்தது.

"போட்டுக்கொண்டு விடு. குத்தும்."

பத்தொன்பது நாளுக்குப் பிறகு.