வெள்ளம் உண்டு என்று எழுதிவிட்டேன், அக்கா

என் பிரியமான கோமதி அக்காவுக்கு,

நீ முதலில் கேட்கப்போவது எது என்று தெரியும், அதற்கே பதில் சொல்லிவிடுகிறேன். நடந்தது. இந்த வருஷமும் மட்டாஞ்சேரியின் பழைய படகுத்துறையில் பிள்ளைகளின் தூண்டில் நாள் நடந்தது. எப்படி நடந்தது என்பதைச் சொல்லாமல் விட்டுவிடத்தான் ஆசை. ஆனால் புதிதாகக் குடிவந்த பேச்சியம்மா அதைத் தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். அவள் வாயால் உனக்கு வந்து சேர்வதைவிட நானே சொல்லிவிடுவது மரியாதை.

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. மழை கொஞ்சம் விட்டதும் வள்ளக்கார ஷாஜி சேட்டன் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். உன்னோடு இத்தனை வருஷமும் கூலியில்லாமல் உழைத்தவர்களில் மூத்தவர் அவர்தானே. சாயாவை ஆறவிட்டுவிட்டுத் தரையைப் பார்த்தபடி பேசினார். "மணியே, கோமதிச் சேச்சி இல்லாதே இது நடக்குமோ? இத்தவண நோக்காம். நிங்ஙட தெருவிலே பிள்ளேரு வந்நில்லெங்கில் நமுக்கு நிர்த்தாம்." இந்தத் தடவை பார்க்கலாம், நம் தெருப் பிள்ளைகள் வராவிட்டால் நிறுத்திவிடலாம் என்கிறார். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் என்ன தப்பு? கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை பார்க்கும் நம் தெருத் தமிழர்களின் பிள்ளைகளுக்காகத்தானே நீ இதை ஆரம்பித்தாய்? மலையாளப் பிள்ளைகள் பிறகுதானே வந்து சேர்ந்துகொண்டார்கள்?

ஆஸ்பத்திரியில் நீ என்னிடம் கடைசியாகப் பேசியதும் இதைத்தான். "நம்ம தெருப் பிள்ளைங்க கரையில உக்காரணும்டா, மணி." நான் "சரி சரி" என்றேன். வெலிங்டன் தீவில் எனக்கு ஷிஃப்டு, கிட்டங்கியில் லாரி காத்திருந்தது. கிளம்பும்போது நீ கண்ணை மூடியிருந்தாய், எழுப்ப வேண்டாமே என்று சொல்லிக்கொள்ளாமலே வந்துவிட்டேன். அது இன்னும் உறுத்துகிறது, அக்கா.

அந்தப் பள்ளிக்கூட சாரை நினைவிருக்கிறதா? இரண்டாம் வருஷமோ மூன்றாம் வருஷமோ, இயற்கை மன்றம் என்று பத்துப் பிள்ளைகளோடு வந்தாரே. நல்ல மனுஷன். தூண்டிலைத் தொடும் முன் அரை மணி நேரம் எல்லாப் பிள்ளைகளும் கரையில் குப்பை பொறுக்கட்டும், அதுவும் ஒரு பாடம்தானே என்றார். நம் தெருப் பிள்ளைகள் உடனே குனிந்துவிட்டார்கள். அதைப் பார்த்ததும் உனக்கு முகம் சிவந்தது. நீ அவரிடம் மலையாளத்தில் சொன்னாய். அவருக்குப் புரிந்த பிறகும் நம் பிள்ளைகள் பக்கம் திரும்பித் தமிழில் ஒரு தடவை சொன்னாய்: "வேண்டாம். நேத்தே நான் கூட்டிட்டேன். இவங்க அம்மா அப்பா தினமும் அதத்தான் செய்யறாங்க. இன்னிக்கு இவங்க மீன் பிடிக்க வந்திருக்காங்க." முந்தின நாள் வேலை முடிந்து வந்து, அந்த நீள விளக்குமாற்றோடு நீ தனியாகக் கூட்டியது எனக்கு மட்டும்தான் தெரியும். சரக்கு ஏற்றும் இடத்தில் எத்தனையோ முதலாளிகள் அதட்டிக் கேட்டிருக்கிறேன். அவர்களில் ஒருவர் சொல்லுக்கும் அந்தக் கனம் இருந்ததில்லை.

இந்த வருஷம் நானும் முந்தின நாளே கூட்டினேன். குறடு வைத்து ஒவ்வொரு தூண்டில் முள்ளிலும் பின்பக்கமாக நீளும் குட்டி முள்ளை நசுக்கினேன், மீன் வாய் கிழியாமல் கழற்ற வேண்டுமே. பாதியிலேயே விரல் வீங்கிவிட்டது. நீ இதை ரேடியோ கேட்டுக்கொண்டே செய்வாய். மைதா உருண்டை பிடித்தேன், கம்புகளை எடுத்துத் துடைத்தேன், எல்லாம் உன் கணக்குப்படியே. வாட்ஸ்அப் அழைப்பு மட்டும் என் கைவண்ணம். எனக்குத் தமிழ் எழுத்து எவ்வளவு வரும் என்று உனக்கே தெரியும். இருந்தாலும் தெருக் குழுவில் தமிழில்தான் போட வேண்டும் என்று வீம்பு. சுருக்கமாக இருக்கட்டும் என்று எழுதினேன்: "ஞாயிறு காலை ஏழு மணி. படகுத்துறை. வெள்ளம் உண்டு. தொப்பி கட்டாயம்."

குடிக்கத் தண்ணீர் வைத்திருக்கிறோம் என்று அர்த்தம். மலையாளத்தோடு வளர்ந்த நமக்கு.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு மலையாளப் பிள்ளைகள் பதினோரு பேர் வந்துவிட்டார்கள். நம் தெருவிலிருந்து ஒரு தலை இல்லை. ஏழரை ஆயிற்று. நீ கைப்பிடியில் சிவப்பு நூல் சுற்றி வைத்த கம்புகள் சுவரோரம் அப்படியே சாய்ந்திருந்தன. ஷாஜி சேட்டன் என்னைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் தோற்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். நீ இருந்தபோது வந்தவர்கள் உன் முகத்துக்காக வந்தார்கள், என் முகத்துக்கு யார் வருவார்கள்?

பொறுக்க முடியாமல் தெருவுக்கு நடந்தேன். முதல் வீடு பேச்சியம்மா வீடு. நீ பார்த்ததில்லை, நீ போன பிறகு திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். இப்போது நம் தெருவில் பாதிப் பேர் அப்படிப் புதிதாக வந்தவர்கள்தான். அவள் மகள் இசக்கி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அழுது ஓய்ந்த முகத்தோடு நின்றிருந்தாள். தலையில் தொப்பி.

"பிள்ளைய ஏம்மா அனுப்பல?"

பேச்சியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நல்லாக் கேக்கிய அண்ணாச்சி! வெள்ளம் உண்டுன்னு நீங்கதான போட்டிருக்கிய? போன வாரம் பூரா மழை. வெள்ளம் வருதுன்னும் சொல்லுதிய, தொப்பி போட்டு வான்னும் சொல்லுதிய. எந்தத் தாய் அனுப்புவா?"

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் தலையில் அடித்துக்கொண்டேன். "ஐயோ, அது அந்த வெள்ளமில்லம்மா! குடிக்கிற வெள்ளம். தண்ணி, தண்ணி!"

"தண்ணியா?" அவள் சிரித்த சிரிப்பில் எதிர் வீட்டுக் கதவு திறந்தது. பேச்சியம்மா தெருவைப் பார்த்து ஒரே குரல் கொடுத்தாள்: "ஏட்டி! வெள்ளம்னா தண்ணிதானாம்! பிள்ளையள அனுப்புங்க!" அடுத்த பத்து நிமிஷத்தில் என் பின்னால் பத்தொன்பது பிள்ளைகள். நம் தெருவின் பழைய ஆட்களும் அடுத்த வீட்டுப் பயத்தைப் பார்த்துப் பயந்துபோய் அனுப்பாமல் இருந்திருக்கிறார்கள். சேர்ந்து வந்த எங்களைப் பார்த்ததும் ஷாஜி சேட்டன் சுவரோரம் போய்க் கம்புகளை எடுத்து நீட்ட ஆரம்பித்தார்.

பிள்ளைகள் உட்கார்ந்ததும் போனை எடுத்து உன் போன வருஷத்து அழைப்பைத் தேடிப் பார்த்தேன். "குடிக்க வெள்ளம் இருக்கு, அதாவது தண்ணி இருக்கு. கண்டல் செடி பக்கம் போகாதீங்க, போகருது." எல்லாம் இரண்டு தடவை, மலையாளத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. அதற்குக் கீழே என் கேலி அப்படியே இருக்கிறது: "அக்கா, ஒரே விஷயத்தை ரெண்டு தடவை சொல்ல நீ என்ன கிளியா?" நீ ஒரு வரிதான் பதில் போட்டிருந்தாய். "கேக்கறவங்க ரெண்டு பேருடா."

நான் அதைப் படித்துவிட்டு மறந்திருந்தேன். ஒரு வருஷம் கழித்து, வெயிலில் நின்றுகொண்டு படித்தபோது கண் கலங்கியது. உனக்குப் பேச்சு நீளம் என்று எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருப்பேன்? எந்த வார்த்தையில் யார் வெளியே நின்றுவிடுவார்கள் என்று நீ ஒவ்வொரு தடவையும் பார்த்துப் பார்த்துப் பேசியிருக்கிறாய். உன் பக்கத்திலேயே வளர்ந்தவனுக்கு அது தெரியவில்லை, பார்.

இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது. இசக்கிக்குத்தான் முதல் மீன். கட்டைவிரல் நீளத்தில் ஒரு பள்ளத்தி, மஞ்சளாக மின்னியது. கையை நனைத்துக்கொண்டு பிடிக்கச் சொன்னேன். திரும்ப விடும் முன் மீனிடம் சொல்லிவிட்டுத்தான் விட வேண்டும் என்ற உன் சட்டத்தையும் சொன்னேன். அவள் சந்தேகமாகக் கேட்டாள், "மீனுக்குத் தமிழ் தெரியுமா, மாமா? மலையாளம்தான தெரியும்?"

நான் பதில் சொல்வதற்குள் பக்கத்துப் பையன் தன் மீனைத் தண்ணீரில் விட்டுக்கொண்டே, நீ பழக்கிய மாதிரியே சொன்னான்: "போயிட்டு வா."

இசக்கிக்கு ஒரே ஆச்சரியம். "ஏ, அவனும் தமிழ்தான் பேசுதான்!"

அந்தப் பையனுக்குத் தமிழில் ஒரு சொல் தெரியாது, அக்கா. அவன் பேசியது அவன் மலையாளம். எல்லாவற்றையும் இரண்டு தடவை சொன்னவள், பிள்ளைகள் மீனுக்குச் சொல்ல மட்டும் இரண்டு பேருக்கும் பொதுவான சொல்லாகப் பார்த்து எடுத்திருக்கிறாய். தெரிந்தேதான் எடுத்தாயா? கேட்க ஆளில்லாமல் போனதே என்றிருந்தது. இசக்கி குனிந்து, மீன் வாய்க்குப் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள். சொல்லிவிட்டு விட்டாள்.

கிளம்பும்போது ஷாஜி சேட்டன், அடுத்த வருஷத்துக்குக் கம்பு போதாது, மூங்கில் வெட்ட எப்போது போகலாம் என்று கேட்டார். போகிறோம். வாக்குக் கொடுக்கிறேன், அக்கா: நான் இருக்கும்வரை நம் தெருப் பிள்ளைகள் அந்தக் கரையில் உட்காருவார்கள். முந்தின நாளே நான் கூட்டி வைப்பேன். அழைப்பில் வெள்ளம் என்றும் எழுதுவேன், தண்ணி என்றும் எழுதுவேன். யார் கிளி என்று கேலி செய்தாலும் சரி.

அன்று உன் கட்டில் பக்கத்தில் நின்று சொல்லாமல் விட்டதை இப்போது சொல்கிறேன். இதை மட்டும் ஒரு தடவை சொன்னால் போதும்.

போயிட்டு வா, அக்கா.

உன் தம்பி,
நின்றெ அனியன்,
மணி