பிறந்த இடம்: எல் ஷாத்

8 அக்டோபர் 2007

இன்றும் தெற்குக் காற்று. கப்பல் இரண்டு மணி நேரம் தாமதம். தலைநகர் ஸாக்ரெபிலிருந்து வந்து இறங்கியவரின் முகம் வெளிறிப் போயிருந்தது. பெயர் ஸ்லாவென், நாற்பது வயது இருக்கும். குரோஷிய மொழிக்கென்று அங்கே இருக்கும் நிறுவனத்தில் வேலை. ஊர் ஊராகப் போய்ப் பேச்சைப் பதிவு செய்து, நாடு முழுவதற்கும் ஒரு வரைபடம் போடுகிறார்களாம். வீஸ் தீவில் இந்தத் தடவை ஒரே ஒரு ஊருக்குத்தான் புள்ளி. அது எங்கள் ஊர்!

இதே பேச்சைப் பேசினேன் என்று பள்ளிக்கூடத்தில் ஆசிரியை என் விரல் முட்டியிலேயே அடித்தாள். இன்றைக்கு ஸாக்ரெபிலிருந்து ஆள் அனுப்பி, பேசுங்கள் அம்மா என்கிறார்கள். அவள் உயிரோடு இருந்தால் கையைப் பிடித்து இழுத்துவந்து எதிரே உட்கார வைத்திருப்பேன்.

பேசுகிறவருக்கு நிபந்தனைகள் உண்டு. இந்த ஊரில் பிறந்திருக்க வேண்டும். அப்பா அம்மாவும் இந்த ஊராக இருக்க வேண்டும். முக்கியமாக, சொந்தப் பல் இருக்க வேண்டும். பல்செட் போட்டால் ஒலி மாறிவிடுமாம். என் நாத்தனார் பெரினா, ஊர்க் கூட்டத்தில் ஆசையாக முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவள், அதைக் கேட்டதும் வாயை மூடிக்கொண்டாள். அறுபத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை. எனக்கு இருபத்தொன்பது பல் இருக்கிறது.

"நீங்க இங்கதானே பொறந்தீங்க?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன்.

9 அக்டோபர்

இரண்டாயிரத்துச் சொச்சம் கேள்விகள். சொல்லை அவர் வாயால் சொல்ல மாட்டார். படத்தைக் காட்டுவார், கையால் ஜாடை செய்வார், நான்தான் சொல்ல வேண்டும். வலை, துடுப்பு, மத்தி, திராட்சைக் கூடை எல்லாம் மளமளவென்று சொன்னேன். பிறகு பனியில் சறுக்கும் வண்டிக்கு என்ன பெயர் என்றார். இந்தத் தீவில்! அடுத்தது, ஓநாய் போடும் சத்தத்துக்கு என்ன சொல்வீர்கள் என்றார். சமையலறையிலிருந்து என் வீட்டுக்காரர் யாக்ஷா கத்தினார்: "சார், இங்க ஓநாய்னா என் பொண்டாட்டிதான். கொஞ்சம் பொறுங்க, சத்தத்த நீங்களே கேக்கலாம்!"

அதுவும் பதிவாகிவிட்டது. அழிக்கச் சொன்னேன். "அழிக்கக் கூடாதும்மா, எல்லாம் நிறுவனத்துல பத்திரமா இருக்கும்" என்றார். இருக்கட்டும். நான் திட்டிய திட்டும் சேர்ந்தே இருக்கட்டும்.

10 அக்டோபர்

ஐந்து மணி நேரம் பேசினேன். தொண்டை கட்டிவிட்டது. இவ்வளவு சந்தோஷமாக இருந்து எத்தனை நாளாயிற்று!

11 அக்டோபர்

ரொட்டிக் கடையில் பெரினா. எல்லார் முன்னாலும் ஆரம்பித்தாள்.

"என்னடி ஒட்டகக்காரி, சார்கிட்ட சொல்லிட்டியா?"

"எத மதினி?"

"ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்காத."

எப்படித் தெரியாமல் இருக்கும்? உலகப் போரின்போது, ஜெர்மன்காரன் வந்துவிடுவான் என்று ஊரையே கப்பலில் ஏற்றி எகிப்துப் பாலைவனத்துக்கு அனுப்பினார்கள். அம்மா என்னை வயிற்றில் சுமந்துகொண்டு போனாள். நாற்பத்து நான்கில், எல் ஷாத் அகதி முகாமில், கூடாரத்துக்குள் நான் பிறந்தேன். பெரினாவும் யாக்ஷாவும் அங்கே போனவர்கள்தான், ஆனால் பிறந்தது இங்கே. பதினெட்டு வயதில் ஸ்ப்ளிட் நகரத்து அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா என் பிறப்புச் சான்றிதழைப் பார்த்து, "பிரமிடுக்குள்ளயா பொறந்த?" என்றான். அறை முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து யார் கேட்டாலும் வீஸ் என்றுதான் சொல்கிறேன்.

12 அக்டோபர்

ஸ்லாவெனிடம் சொல்லிவிட்டேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். கோபப்படவில்லை, அதுதான் தாங்கவில்லை. "விதின்னு ஒண்ணு இருக்கும்மா. ஸாக்ரெப்ல கேக்கணும். அவங்க ஒத்துக்கலன்னா இந்தப் பதிவு ஆகாது. மலை மேல இருக்கிற மேலூர்ல ஒரு அம்மா இருக்காங்களாம், அவங்களப் பாக்கணும்."

மேலூரா? அப்ப புள்ளி அவங்களுக்கா? நான் ஒருத்தி தலைய ஆட்டினதுக்கு ஊரே வரைபடத்துல இல்லாமப் போகுமா? ஏன் முதல் நாளே சொல்லல? ஏன் இப்பவாவது வாய மூடிட்டு இருக்கல?

யாக்ஷாவும் அதையேதான் கேட்டார். முடியவில்லை என்றேன். நிறுவனத்தில் என் குரலை என்றைக்கும் வைத்திருக்கப் போகிறார்கள். அதில் அம்மாவை மறைத்துப் பேசினால் எனக்கு என்ன பெருமை?

13 அக்டோபர்

காலையில் பெரினா கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள். மேலூர் விஷயம் அவள் காதுக்குப் போய்விட்டது. நேராக ஸ்லாவென் எதிரே உட்கார்ந்தாள்.

"மெஷினைப் போடுங்க சார். என் பல்லு பொய், பேச்சு பொய்யில்ல. எகிப்துல எனக்கு ஆறு வயசு, எல்லாம் ஞாபகம் இருக்கு. எட்டாவது கூடார வரிசை முழுக்க எங்க ஊரு. இந்தக் கூடாரத்துல இருமினா அந்தக் கூடாரத்துலருந்து கஷாயம் வரும். இவ காதுல வேற பேச்சு விழ வழியே இல்ல. தண்ணி வண்டி ஓட்டின எகிப்துக்காரரே மூணு மாசத்துல எங்க பேச்சுல எங்களைத் திட்டினாரு! இவளுக்கு மொதப் பேச்சு சொல்லிக் குடுத்ததே நான்தான். இவ ஆகாதுன்னா நானும் ஆகாது, ஊரே ஆகாது. மேலூர்க்காரங்க பேசுறது ஒரு பேச்சா? ஆட்டுக்குச் சளி புடிச்சாப்புல!"

ஸ்லாவென் சிரித்துக்கொண்டே பதிவு செய்தார். வாசலில் அவள் கையைப் பிடித்தேன். "உனக்காக இல்லடி, ஊருக்காக" என்று உதறினாள். அவள் போனபிறகு அழுதேன்.

15 அக்டோபர்

ஸாக்ரெபிலிருந்து ஃபோன். ஸ்லாவெனின் மேலதிகாரி, ஒரு அம்மாள். சத்தமான குரல், எனக்கே கேட்டது: "அந்தக் கூடாரத்துல யார்கிட்ட பேசக் கத்துக்கிட்டாங்க? ஊர்க்காரங்ககிட்டதானே? அப்புறம் என்ன ஸ்லாவென்? பொறந்த எடத்தை உள்ளபடி எழுது. அந்தப் பல்செட் அம்மாவைச் சாட்சியாப் போடு."

இன்னும் எழுநூறு கேள்வி பாக்கி. மத்தியானமே ஆரம்பித்துவிட்டோம்.

3 மார்ச் 2010

தபாலில் புத்தகம் வந்தது. கடலுக்கு நடுவே எங்கள் ஊர்ப் புள்ளி, மிளகு அளவு. பின்பக்கத்தில் என் பெயர், பிறந்த வருஷம், பிறந்த இடம்: எல் ஷாத், எகிப்து. கீழே சாட்சி பெரினா. நான் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் அவள் புத்தகத்தை ரொட்டிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். மேலூர்வரை கொண்டுபோனாளாம். சாயங்காலம்தான் திரும்பி வந்தது, அட்டையில் எண்ணெய்க் கறையோடு.

19 மே 2010

அடையாள அட்டையைப் புதுப்பிக்கப் போனேன். நல்ல கூட்டம். அலுவலகப் பெண் திரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"பொறந்த எடம்?"

"எல் ஷாத். எகிப்து." கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை.

எனக்குப் பின்னால் நின்ற பெரியவர் தொப்பியைக் கழற்றினார். முன்பின் பார்த்ததில்லை, தீவின் அந்தப் பக்கத்துக்காரராக இருக்கும்.

"எந்தக் கூடார வரிசைம்மா?"

"எட்டு."

"நான் பதினொண்ணு" என்றார்.