நின்றிருக்க வேண்டிய சுவர்

காம்பஸ் எடுக்க இன்றைக்கு ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தேன் மாப்ள. திராட்சை வாசனை அடித்தது. திராட்சைப் பெட்டி அட்டையில் நீ வெட்டிய குட்டி ஜன்னல் அடியில் கிடந்தது. உடனே மூடிவிட்டேன். கணக்கு சாருக்கு வட்டத்தைக் கையாலேயே போட்டுக் காட்டினேன். முட்டையாக வந்தது, மார்க்கும் அதேதான்.

ஸ்காட்லாந்தில் நர்ஸாக இருக்கும் உன் சித்தி கொண்டுவந்த பிஸ்கட் டப்பா மூடியில்தான் அந்தப் படம் இருந்தது. தண்ணீருக்கு நடுவே சின்னத் தீவு, அதில் ஏதோ ஒரு குலத்தார் வாழ்ந்து இடிந்துபோன கோட்டை. பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு அதைத்தான் செய்வேன் என்றாய்.

"அங்கன கண்மாய்க்கு லாக்னு பேருடா."

"அப்ப சாவி யாருகிட்ட இருக்கு?"

நீ சிரிக்கவில்லை. இடிந்த மாதிரியே ஒட்டிவிடலாம் என்றேன், அதையும் கேட்கவில்லை. அறை, படி, அடுப்பு வரைக்கும் முழுசாகக் கட்டினாய். பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிய்த்தாய். "ஆளுக இருந்த எடம்னு தெரியணும்ல." ஜன்னல் வைத்த சுவரை மட்டும் தொடவில்லை. படத்தில் அது நின்றது.

கண்காட்சியன்று நீ அந்தப் பக்கம் போன நேரம், தாம்பாளத்தில் நீ ஒட்டிய நீலத்தாள்மேல் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினேன். "வறண்ட கண்மாய்தான் நம்மூர்லயே இருக்கே" என்று எல்லாரையும் சிரிக்க வைத்தேன். அட்டை அடியிலிருந்து கறுத்துக்கொண்டே ஏறியது. நீ ஓடிவந்து அந்தச் சுவரை உள்ளங்கையால் தாங்கிப் பிடித்தாய். "காயட்டும்டா. ஒன் வீட்ல வையி, ஞாயித்துக்கெழம வந்து ஒட்டிர்றேன்."

ஞாயிற்றுக்கிழமை நீ ஆஸ்பத்திரியில் இருந்தாய். காய்ச்சல்தான் என்றார்கள். புதன்கிழமை சுவர் விழுந்தது. ஜன்னல் மட்டும் உருப்படியாகக் கிடைத்தது, எடுத்து பாக்ஸில் போட்டேன். நீ வந்தால் ஒட்டுவாய் என்று.

வியாழக்கிழமை நீ போய்விட்டாய்.

நேற்று உங்கம்மா உங்க ஊர் தேவதானப்பட்டியிலிருந்து எங்க வீட்டுக்கு வந்தாக. "அவன் கைபட்டது ஒண்ணு வீட்டுல இருக்கட்டும்யா" என்று கோட்டையை மடியில் வைத்துப் பார்த்தாக. சுவர் விழுந்த இடத்துப் பிசிறைத் தடவினாக.

"இந்த எடத்த எம்புட்டுப் பதமா இடிச்சிருக்கான் பாரு."

எனக்குத்தான் எப்பவும் வாயில் ஏதாவது வந்துவிடுமே. "ஆமா அத்தை, அதுக்குத்தான் ரெம்ப மெனக்கெட்டான்" என்று வந்தது.

பஸ் ஏறும்வரை கோட்டையை அவுக கீழே வைக்கவே இல்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அந்த இடத்தைத்தான் தொட்டுக் காட்டுவாக. ஜன்னலைக் கொண்டுபோய்க் கொடுத்தால், இது எங்கே இருந்தது என்று கேட்பாக.

பாக்ஸிலேயே கிடக்கிறது. நாளைக்கும் வட்டம் போடணும் மாப்ள.